வெட்சித் திணையும் மூன்று நாள் சைக்கிள் சவாரியும்

ஆயுத பூஜை வெள்ளிக்கிழமையில் வந்துவிட்டால் சென்னையின் சைக்கிள் குழுக்களுக்கு நிலைகொள்ளாது. வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை. ஆண்டுக்கொரு முறை எல்லோரும் சேர்ந்து போகும் நெடுஞ்சவாரிக்கு அதைவிட நல்ல நாள் பஞ்சாங்கத்தில் கிடையாது. இக்கட்டுரை ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட குழு, முதல் நாள் விடியுமுன் பூந்தமல்லியில் கூடி வேலூர் வரை போகும். இரண்டாம் நாள் ஆம்பூர், வாணியம்பாடி வழியாகச் சென்று ஏலகிரி ஏறும். மூன்றாம் நாள் மலையிறங்கி ஜோலார்பேட்டையில் ரயில் பிடிக்கும். குழுவின் பெயர் இங்கே வேண்டியதில்லை. எல்லாக் குழுக்களும் தம்மைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

இச்சவாரியை உடற்பயிற்சி என்பாரும், சுற்றுலா என்பாரும், குடும்பத்திடமிருந்து தப்பித்தல் என்பாரும் உளர். மூன்றும் பொருந்தா. என்னை? உடற்பயிற்சி எனின், போனபோது இருந்த எடையைவிடக் கூடுதல் எடையோடு திரும்புவானேன்? சுற்றுலா எனின், முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தைத் தவிர வேறெதையும் ஏறிட்டுப் பாராமல் வேலூர் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் போவானேன்? தப்பித்தல் எனின், டீக்கடைக்கு டீக்கடை நின்று வீட்டுக்கு லொகேஷன் அனுப்புவானேன்?

எமது முடிபு, இது வெட்சி என்பதாம்.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் புறத்திணையியல் வெட்சியில்தான் தொடங்குகிறது. பகைவர் மண்ணுக்குள் இரவோடிரவாகப் புகுந்து, அங்குள்ள ஆநிரையைக் கவர்ந்து, சேதமில்லாமல் ஓட்டிவந்து, பங்கு பிரித்து, உண்டு களித்துக் கொடுத்து மகிழ்வது வரை எல்லாம் அதில் அடங்கும். இவற்றைப் பதினான்கு துறைகளாக ஆசிரியர் வகுக்கிறார். ஏலகிரி மலைச்சாலையில் கொண்டையூசி வளைவுகள் எத்தனை? பதினான்கு. தற்செயல் என்று யாரேனும் சொல்லலாம். அப்படிச் சொல்பவர் சைக்கிளில் ஏலகிரி ஏறியவராக இருக்க முடியாது. ஏறியவருக்கு அந்தச் சாலையில் எதுவும் தற்செயலாகத் தோன்றாது. ஒவ்வொரு வளைவும் தமக்கென்றே யாரோ திட்டமிட்டு வைத்தது என்றுதான் தோன்றும்.

இரண்டாம் சான்று நிலம். வெட்சியைக் குறிஞ்சிக்குப் புறமாக வைத்தார் தொல்காப்பியர். ஏலகிரி ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலை. மூன்றாம் சான்று கல். இந்தச் சவாரி கடந்து போகும் ஆம்பூரில் 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்து நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. மாடு கவர வந்த படையை எதிர்த்து மாண்டவர்களுக்கு எடுத்த கற்கள் அவை. பக்கத்துச் செங்கம் வட்டாரத்தில் இப்படிப்பட்ட கற்கள் ஏராளம். தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 1972-இல் அவற்றை ஒரு நூலாகவே வெளியிட்டது. ஆக, இந்தச் சாலையோரம் முழுக்கத் தொறுப்பூசல், அதாவது ஆநிரைச் சண்டை, நடந்த மண். அங்கே ஒரே நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு இருபது பேர் விடியலில் வந்தால் வேறென்ன பொருள்? வெட்சியார் சிவந்த வெட்சிப் பூச் சூடினர். இவர்கள் முதுகில் குழுவின் பெயர் அச்சடித்த ஜெர்சி போடுகின்றனர்.

இது வலிந்து கொண்ட பொருள் என்று தடை எழுப்புவார்க்கு விடை: வலிந்து பொருள் கொள்ளுதல் இம்மொழியில் குற்றமன்று. எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கொண்டுபோய்ப் பொருத்திய நச்சினார்க்கினியரை இன்றும் 'உச்சிமேற் புலவர்கொள்' உரையாசிரியர் என்றே கொண்டாடுகிறோம்.

இனித் துறைகள். முதல் துறை படை இயங்கு அரவம், அதாவது படை புறப்படும் ஓசை. பூந்தமல்லி டீக்கடை வாசலில் காலை நாலரை மணிக்கு இதைக் கேட்கலாம். ஷூவின் அடியில் திருகிய க்ளீட் சிமெண்டுத் தரையில் டக் டக்கென்று ஒலிக்கும். அதற்கு மேல் ஃப்ரீவீல். பின்சக்கரத்து ஹப்புக்குள் பல்சக்கரத்தின் மேல் கொக்கிகள் ஏறி இறங்கும் ஓசை அது. விலை கூடக் கூட ஓசையும் கூடும் என்பது சைக்கிள் உலகில் எழுதாத விதி. மிதிக்கும்போது அந்த ஓசை வராது, மிதிப்பதை நிறுத்தி உருண்டு போகும்போதுதான் வரும். உழைக்காத நேரத்தில் மட்டும் முழங்கும் முரசு வேறெந்தப் படையிலும் இருந்ததாகத் தெரியவில்லை.

முந்தின நாள் மாலையே சைக்கிளுக்கு ஆயுத பூஜை நடந்திருக்கும். ஹேண்டில்பாரில் சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி. கார்பன் ஃப்ரேமில் கறை பிடிக்குமென்று முதலில் செல்லோ டேப் ஒட்டி அதன்மேல் பொட்டு வைப்போரும் உண்டு. சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்பதில் மட்டும் ஒரு தொழில்நுட்பச் சிக்கல். 25 மில்லிமீட்டர் டயரும் எட்டுக் கிலோ வண்டியும் எலுமிச்சம்பழத்தை நசுக்கப் போதாது. பழம் உருண்டு ஓடிவிடும். லாரிக்கு ஏற்பட்ட சடங்கு லாரிக்குத்தான் பலிக்கும்.

அடுத்தது பாக்கத்து விரிச்சி. போருக்குப் புறப்படுமுன் ஊர்ப்புறத்தில் நெல்லும் முல்லையும் தூவி நின்று, யாரோ யாரிடமோ சொல்லும் சொல் நல்ல சொல்லாகக் காதில் விழுகிறதா என்று பார்ப்பது பண்டை வழக்கம். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும் என்பதால் ஆயுத பூஜைச் சவாரிக்கு விரிச்சி இன்றியமையாதது. மூன்று கைப்பேசிச் செயலிகளைப் பார்ப்பார்கள். மூன்றும் மூன்று விதமாகச் சொல்லும். இறுதியில் டீ ஆற்றிக்கொண்டிருப்பவர் இன்னொருவரிடம் "இன்னிக்கு மழையெல்லாம் வராதுப்பா" என்று சொன்னது காதில் விழும். உடனே கிளம்பிவிடுவார்கள். இரண்டாயிரம் ஆண்டாக முறை மாறவில்லை.

பகைவர் அறியாமல் புறப்பட்டுப் போவதை ஒரு துறையாகவே வைத்த ஆசிரியரின் நுட்பத்தை எண்ணி வியக்கிறோம். இங்கே பகைவர் என்றது உறங்கிக்கொண்டிருக்கும் வீட்டாரை. அலாரம் அதிர்வில் மட்டும் இருக்கும். ஹெல்மெட்டின் பக்கிளைப் படுக்கையறையில் மாட்டக் கூடாது, ஹாலில் மாட்டவேண்டும். முன்பக்கத்து இரும்புக் கேட் கிரீச்சிடும் என்பதால் முந்தின இரவே கீலில் தேங்காய் எண்ணெய் விட்டு வைத்திருப்பார் அனுபவசாலி. இத்தனையும் தாண்டினாலும் அடுக்குமாடிக் காவலரைத் தாண்ட முடியாது.

"இந்நேரத்துல எங்க சார்?"

"வேலூர் வரைக்கும்ண்ணா."

"ஏன் சார், பஸ்ஸு கெடைக்கலியா?"

இக்கேள்விக்கு இதுவரை எந்தச் சைக்கிள்காரரும் தகுந்த விடை தந்ததில்லை.

இத்துறைக்கு ஒரு கிளைத்துறை உண்டு. உரையாசிரியர்கள் அதைக் கவனிக்கவில்லை. குழுவில் பெண்களும் வருகிறார்கள். ஆண் புறப்படக் கீலுக்கு எண்ணெய் விட்டால் போதும். பெண் புறப்பட வேண்டுமானால் மூன்று நாளைக்கு மாவு அரைத்து ஃப்ரிட்ஜில் வைக்கவேண்டும், கொழுப்பு நீக்கிய பால் எது குழந்தைக்குரிய பால் எது என்று எழுதி ஒட்டவேண்டும், மாமியாரின் மாத்திரையை வேளைவாரியாகப் பிரிக்கவேண்டும். அதற்குமேல் "நீ போய்ட்டு வாம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்ற பெருந்தன்மைக்கு நன்றியும் சொல்லவேண்டும். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். அன்று சாலை கிடைத்தது. அடுப்படி இன்னும் முழுதாக விட்டுக்கொடுக்கவில்லை. இக்குழுவில் முதலாவதாக மலையேறுகிறவர் பெரும்பாலும் ஒரு பெண்ணாக இருப்பதற்கு இந்த மூன்று நாள் முன்தயாரிப்பே பயிற்சி என்பது எமது துணிபு.

நெடுஞ்சாலை ஏறியதும் இயற்பியல் தலையிடுகிறது. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடும். அதை வெல்லச் செலவிடும் ஆற்றலோ வேகத்தின் மும்மடிக்கேற்பக் கூடும். சமதளத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் உழைப்பில் பெரும்பங்கு காற்றைத் தள்ளவே போய்விடுகிறது. முன்னால் ஒருவர் போக, அவருடைய பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டு போனால் கால்பங்கு, சில வேளை மூன்றிலொரு பங்கு உழைப்பு மிச்சம். எனவே முறைவைத்து முன்னால் போகவேண்டும் என்பது குழு தர்மம். முறை வரும்போதெல்லாம் ஷூலேஸ் அவிழும் சிலர் எல்லாக் குழுவிலும் உண்டு. அவர்கள் ஷூவில் லேஸே கிடையாது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

இவ்வாறு ஒட்டிப் போவதால் பின்னால் வருபவருக்குச் சாலை தெரியாது. முன்னவர் "குழி!" என்று கூவிக் கையால் காட்டவேண்டும். அந்தச் செய்தி வாய்வழியாகப் பின்னுக்குக் கடத்தப்படும். வாய்மொழி மரபில் பாடம் எவ்வாறு சிதைகிறது என்று ஆராய்வோர் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும். முதலாமவர் "இடப்பக்கம் குழி" என்பார். நான்காமவரிடம் அது "குழி" என்றாகும். எட்டாமவரிடம் ஒரு விரலசைவு மட்டும் எஞ்சும். பன்னிரண்டாமவர் பழக்கத்தால் கையை ஆட்டுவார், எதற்கென்று அவருக்கே தெரியாது. கடைசி ஆளுக்கு மூலபாடமே நேரடியாகக் கிடைத்துவிடும், முன்சக்கரத்தின் வழியாக.

வேய், புறத்திறை, ஊர்கொலை ஆகிய மூன்றையும் சேர்த்தே சொல்லவேண்டும், ஏனெனில் மூன்றும் ஒரே ஓட்டலில் நடக்கின்றன. வேய் என்பது ஒற்றறிதல். காவேரிப்பாக்கம் நெருங்கும்போது இரண்டு இளைஞர்கள் வேகமெடுத்து முன்னே போய், எந்தக் கடையில் ஆவி பறக்கிறது, எங்கே கழிவறை இருக்கிறது என்று பார்த்துவந்து சொல்வார்கள். புறத்திறை என்பது பகைவர் ஊரைச் சூழ்ந்து தங்குதல். இருபது சைக்கிள்களைக் கடைச் சுவரில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்த்ததும் அது முடிந்தது. சாய்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு. விலை குறைந்தது அடியில், விலை உயர்ந்தது மேலே. அடியிலுள்ளவர் முதலில் சாப்பிட்டு முடித்தாலும் கிளம்ப முடியாது.

ஊர்கொலை என்ற சொல்லைக் கேட்டு அஞ்சவேண்டாம். காலை எட்டு மணிக்கு வழக்கமாக வரும் லாரி ஓட்டுநர்களுக்கும் மில் தொழிலாளிகளுக்கும் கணக்குப் பண்ணி வைத்த இட்லி, பத்தே நிமிடத்தில் காலி. அடுத்த ஈடு அடுப்பிலேறுமுன் பொங்கல் போய்விடும், பிறகு வடை, பிறகு சட்னி. கடைசியில் பூரிக்கு மாவு பிசைகிற சத்தம் கேட்கும். கல்லாவில் இருப்பவர் முதலில் மகிழ்வார். பிறகு தினம் வருகிற வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துக் கலங்குவார். "எங்கப்பா போறீங்க எல்லாரும்?" என்பார். ஏலகிரி என்றதும் "யாரு வேண்டுதல்?" என்று கேட்பார். ஆறு மணி நேரச் சவாரி எப்படிப் பத்து மணி நேரம் ஆகிறது என்று வேலூரில் ஆண்டுதோறும் விசாரணை நடக்கும். விடை அந்த ஓட்டலில்தான் இருக்கிறது. கைக்கடிகாரங்கள் இந்த உண்மையை மறைப்பதற்கென்றே இரண்டு நேரங்களைக் காட்டுகின்றன. ஒன்று சக்கரம் சுழன்ற நேரம், மற்றது சூரியன் நகர்ந்த நேரம். ஊருக்கு அறிவிப்பது முதலாவதை.

பூசல் மாற்று என்பது நிரையை மீட்கப் பின்தொடர்வாரைத் தடுத்து நிறுத்தல். சைக்கிளைப் பின்தொடர்வது நாய். இதில் மூன்று மதங்கள் உண்டு. வேகமெடுப்பது முதல் மதம். பாட்டில் தண்ணீரைப் பீய்ச்சுவது இரண்டாவது. இறங்கி நின்றுவிடுவது மூன்றாவது. நின்றதும் நாயும் நின்று, வந்த வேலை மறந்தாற்போல் வேறு பக்கம் பார்க்கும். மூன்றாம் மதமே சரியானது என்று அனைவரும் ஒப்புக்கொள்கிறார்கள். நாய் வரும்போது அனைவரும் முதலாம் மதத்துக்கு மாறிவிடுகிறார்கள்.

நோயின்று உய்த்தல் இத்திணையின் உயிர்நிலை. கவர்ந்த நிரைக்கு ஊறு நேராமல் ஓட்டி வருதல் அது. குழுவில் இப்பணியைச் செய்பவருக்கு ஸ்வீப்பர் என்று பெயர். எல்லோரிலும் வலிமையானவராக இருந்தும் எல்லோருக்கும் பின்னால் வரவேண்டியவர் இவர். பிரான்சின் டூர் டி பிரான்ஸ் போட்டி பிரனீஸ் உயர்மலைகளில் முதன்முதலாக ஏறிய 1910-ஆம் ஆண்டிலேயே, களைத்து விழுந்தவர்களை அள்ளிவர வரிசையின் கடைசியில் ஒரு வண்டியை விட்டார்கள். துடைப்ப வண்டி என்று அதை அழைத்தார்கள். நம் குழுவில் வண்டி இல்லை, ஆள்தான்.

ஸ்வீப்பரின் முதல் ஆயுதம் பம்ப். நெடுஞ்சாலையில் ஆணியைவிட, கண்ணாடிச் சில்லைவிட, வெடித்த லாரி டயரிலிருந்து சிதறிக் கிடக்கும் மெல்லிய எஃகுக் கம்பியே பஞ்சருக்குப் பெரிய காரணம். முடி கனமே இருக்கும் அது டயருக்குள் மறைந்துகொண்டு, டியூப் மாற்றினாலும் அடுத்த டியூபையும் குத்தும். விரல் நுனியால் டயரின் உட்புறம் முழுவதும் தடவிப் பார்த்து அதைப் பிடுங்கி எடுக்காமல் புது டியூப் போடுகிறவர் அடுத்த ஐந்து கிலோமீட்டரில் அறிவு பெறுவார். இவ்வளவும் நடக்கும்போது சுற்றி ஒரு வட்டம் கூடும். ஒருவர் டியூப் மாற்ற, ஐவர் அறிவுரை கூற, மற்றவர் படமெடுப்பது முறை. பக்கத்து ஊர் சைக்கிள் கடைக்காரர் காற்றடிக்க வருவார். அவர் பம்ப், சாதாரணச் சைக்கிளின் வால்வுக்கு ஏற்றது. இவர்களுடைய குச்சி போன்ற பிரெஸ்டா வால்வில் அது நுழையாது. அவர் அந்த வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எவ்ளோ விலைங்க வண்டி?" என்பார். யாரும் உண்மை சொல்லமாட்டார்கள், ஏனெனில் வீட்டில் சொன்ன விலைதான் எங்கும் சொல்லவேண்டிய விலை.

ஸ்வீப்பரின் இரண்டாம் ஆயுதம் பொய். வாணியம்பாடி வெயிலில் ஒருவர் தலைதொங்கி வரும்போது "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான் ஜி" என்பார். நான்கு கிலோமீட்டர் போன பிறகும் அதையே சொல்வார். இங்கு "இரண்டு" எண்ணுப்பெயர் அன்று, அசைநிலை. "இனிமே ஏத்தமே இல்ல", "நாம மெதுவாத்தான் போறோம்", "நான் இந்த வருஷம் பயிற்சியே பண்ணல" ஆகியவையும் இவ்வகையினவே. கடைசியாகச் சொன்னதை ஸ்வீப்பர் மட்டுமல்லாமல் அனைவரும் சொல்வர், குறிப்பாக முதலில் வந்து சேர்கிறவர்.

இப்போது எமது கோட்பாட்டின் ஆகப்பெரிய இடர்ப்பாடு. வெட்சி என்றால் ஆகோள் வேண்டும், மாடு பிடிக்கவேண்டும். மாடு எங்கே? சாலையில் மாடுகள் இருக்கின்றன, ஆனால் அவற்றைச் சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள். பதக்கம் என்று சொல்லலாமா எனின், இக்குழுவில் பதக்கம் தருவதில்லை. நெடுநாள் ஆராய்ந்து யாம் கண்டது: நிரை என்பது கிலோமீட்டர்.

சான்று பல. கிலோமீட்டரை யாரும் உண்ண முடியாது, விற்க முடியாது. ஆயினும் அதைச் சேர்க்கிறார்கள், எண்ணுகிறார்கள், ஆண்டிறுதியில் யாரிடம் அதிகம் என்று ஒப்பிடுகிறார்கள். நெடுஞ்சாலைக் கல்லில் பெயரெழுதிக் காவலின்றி நிற்பதைக் கவர்ந்து வருகிறார்கள். 2009-இல் ஸ்ட்ராவா என்ற செயலி வந்தபின் பட்டிக்கணக்கு இன்னும் கெடுபிடியாகிவிட்டது. அதில் ஏறாத கிலோமீட்டர் ஓட்டாத கிலோமீட்டராகவே கருதப்படும். தீர்ப்பான சான்று ஒன்று உண்டு. இரண்டாம் நாள் மாலை, ஏலகிரி விடுதியின் முன் வாகனம் நிறுத்தும் இடத்தில், குளித்து உடைமாற்றி எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, ஒருவர் மட்டும் வட்டம் வட்டமாகச் சைக்கிள் மிதித்துக்கொண்டிருப்பார். அவருடைய கருவி 98.7 காட்டுகிறது. 100 ஆகாமல் இறங்கமாட்டார். காரெடுக்க வந்த சுற்றுலாக் குடும்பம் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கும். தப்பி ஓடிய கடைசிக் கன்றையும் பிடித்துப் பட்டியில் சேர்க்கும் இந்த ஆர்வத்தை வெட்சி என்னாமல் வேறெங்ஙனம் அழைப்பது?

மலைக்கு வருமுன் உண்டாட்டைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. தொல்காப்பியர் வைப்புமுறையில் உண்டாட்டு பாதீட்டுக்குப் பின் வருகிறது, அதாவது வேலை முடிந்த பின்பு. இக்குழுவோ இரண்டாம் நாள் முற்பகலிலேயே, மலை ஏறுமுன்பே, ஆம்பூரில் உண்டாட்டை நடத்திவிடுகிறது. இது துறை மயக்கம். சீரகச் சம்பா அரிசியில் செய்த பிரியாணியும் புளிப்பேறிய கத்தரிக்காய்த் தொக்கும் ஆம்பூரில் கிடைக்கும்போது வைப்புமுறையைப் பார்க்கமுடியாது என்பது குழுவின் வாதம். மறுப்பதற்கில்லை. "அரை ப்ளேட் போதும்" என்று தொடங்குவார்கள். மணி பன்னிரண்டாகும்போது எழுந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் ஹெல்மெட் மாட்டுவார்கள். இதன் பயன் ஏலகிரி அடிவாரமான பொன்னேரியில் தெரியும்.

ஏலகிரி வளைவுகளுக்குப் பெயர் உண்டு. வள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், ஔவை, பாரதியார், பாரதிதாசன் எனப் புலவர் எழுவர். பாரி, காரி, ஓரி, ஆய், அதிகன், நள்ளி, பேகன் எனக் கடையெழு வள்ளல்கள் எழுவர். வேறெந்த மலையிலும் இலக்கிய வரலாற்றை இத்தனை மெதுவாகக் கடக்க நேர்வதில்லை. சமதளத்தில் காத்த காற்றுமறைப்பு இங்கே உதவாது. மணிக்கு எட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்கு வேலையே இல்லை, புவியீர்ப்புக்கு மட்டும்தான் வேலை. எடையே எதிரி. சர்வதேசச் சைக்கிள் சங்கம் பந்தயச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று விதித்திருக்கிறது. நூறு கிராம் குறைக்க ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கார்பன் பாட்டில் தாங்கி வாங்கியவர், ஆம்பூரில் ஏற்றிக்கொண்டதை நினைத்துப் பார்க்கவேண்டிய இடம் இது.

வள்ளல்கள் ஒருவரும் ஒன்றும் தருவதில்லை என்பது சைக்கிள்காரர்களின் புகார். யாம் உடன்படோம். பாரி வளைவில் நின்று பார்த்தபோதுதான் தமிழிலக்கியத்தின் நெடுநாள் புதிர் ஒன்று எமக்கு அவிழ்ந்தது. பற்றிப் படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக்குப் பாரி தன் தேரையே கொடுத்தான் என்று படித்திருக்கிறோம். ஒரு கொம்பு வெட்டி நட்டிருக்கலாமே, தேரை ஏன் விட்டான் என்று எல்லாப் பள்ளிப் பிள்ளைகளும் ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். பறம்பு ஒரு மலை. தேர் கனமானது. இனி விடை தெளிவு. இன்றும் அவ்வளைவில் ஒருவர் இறங்கி, சைக்கிளைப் புதரின்மேல் சாய்த்து, "வியூ நல்லா இருக்குல்ல, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்கிறார். பின்னால் வந்தவர் யாரும் அவர் களைத்துப் போனார் என்று சொல்லமாட்டார்கள். இயற்கையை ரசிக்கிறவர் என்றே சொல்வார்கள். பாரிக்கு வாய்த்த தோழர் கபிலர் என்பதால் செய்தி இன்னும் சிறப்பாக வெளிவந்தது.

அதிகன் வளைவில் நெல்லிக்கனி கிடைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஸ்வீப்பர் தம்மிடமிருந்த கடைசி எலக்ட்ரால் பொட்டலத்தை அங்கேதான் ஒரு புதியவருக்குக் கொடுத்தார். வாங்கியவர் பாட்டுப் பாடவில்லை, பேசும் நிலையிலும் இல்லை. அதைக் கொடை என்னும் துறையில் சேர்க்கிறோம்.

தந்து நிறை, கொண்டுவந்த நிரையைத் தம் ஊர்ப்புறத்தில் நிறுத்துதல். சைக்கிளைக் கீழே விடமாட்டார்கள், அறைக்குள் கொண்டுவருவார்கள். மூவர் தங்கும் அறையில் மூன்று ஆளும் மூன்று சைக்கிளும். விடுதி மேலாளர் "மாடிக்கு சைக்கிள் ஏத்தக்கூடாதுங்க" என்று சொல்வார். சொல்லி முடிக்கும்போது எல்லாச் சைக்கிளும் மாடியில் இருக்கும். இரவு கழிவறைக்கு எழுந்தவர் பெடலில் முழங்கால் இடித்துக்கொள்வது இத்துறையின் மரபுவழிப்பட்ட முடிவு.

பாதீட்டில்தான் திணையே ஆட்டம் காண்கிறது. பண்டை வெட்சியார் பங்கு பிரித்த முறை நேர்மையானது. போரிட்டவனுக்கு மட்டுமல்லாமல் ஒற்றுச் சொன்னவனுக்கும், நிமித்தம் பார்த்துச் சொன்னவனுக்கும் பசுக்கள் கொடுத்தார்கள். இக்குழுவில் பிரிப்பது வரவு அன்று, செலவு. ஆம்பூர் பில் வந்ததும் தொடங்கும் கணிதம், மட்டன் உண்டவர் எத்தனை, சிக்கன் எத்தனை, சைவம் எத்தனை என்று சாதாரணமாகத்தான் தொடங்குகிறது. பிறகு வருவார் ஒருவர், தமக்கென எதுவும் சொல்லாமல் எல்லோர் தட்டிலும் "சும்மா ஒரு வாய்" எடுத்தவர். அவருடைய பங்கு எவ்வளவு என்பதை இயற்கணிதத்தால் காண இயலாது. லைம் சோடா மட்டும் குடித்தேன் என்பவருக்கு எதிரே காலியான தட்டு ஒன்று இருக்கும். குழுத் தலைவர் எல்லோருக்கும் ஒரே தொகை என்று தீர்ப்புச் சொல்லி, தம் கைப்பேசியிலிருந்து முழுவதையும் கட்டிவிட்டு, வாட்ஸாப்பில் தொகையைப் போடுவார். நல்ல நிர்வாகி யார் என்பதற்கு எமது இலக்கணம்: பணம் கேட்டு மூன்றாம் முறை நினைவூட்டும்போதும் கும்பிடும் கைப்படத்தை மறக்காதவர்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் நுவலுழித் தோற்றம் நிகழும். யாராவது ஒருவர் "என்ன, மொகம் கறுத்திருக்கு?" என்று கேட்கும்வரை காத்திருந்து, கேட்டதும் மலர்ந்து சொல்லத் தொடங்குவது அது. கேட்டவர் அன்று பிற்பகல் கூட்டத்துக்குத் தாமதமாகப் போவார்.

புறப்பொருள் வெண்பாமாலை வெட்சிக்கு அடுத்துக் கரந்தையைத் தனித் திணையாக வைக்கிறது. இழந்த நிரையை உரியவர் மீட்பது கரந்தை. இங்கே இழந்தது மூன்று நாள், இழந்தவர் குடும்பத்தார். மீட்பு நடவடிக்கை ஜோலார்பேட்டையில் ரயில் கிளம்புமுன்பே கைப்பேசியில் தொடங்கிவிடும். அடுத்த ஞாயிறு தாம்பரத்தில் ஒரு காதுகுத்து, அதற்கடுத்த ஞாயிறு பரண் சுத்தம் செய்தல், அதற்கடுத்து மாமாவின் அறுபதாம் கல்யாணம் என்று பட்டியல் நீளும். மூன்று நாளுக்கு வட்டியோடு ஆறு நாளாகவே மீட்கப்படுகிறது. இது நியாயமே. ஆயினும் கரந்தையார் இதுவரை சைக்கிளைப் பறிமுதல் செய்ததில்லை, அதனால்தான் ஆண்டுச் சவாரி ஆண்டுதோறும் நடக்கிறது.

ஆய்வில் ஓர் இடைவெளி எஞ்சியிருக்கிறது. பாதீட்டுத் துறைக்கான தரவு இன்னும் முழுமை பெறவில்லை. ஆம்பூரில் பிரியாணி உண்ட இருவர் தம் பங்கை அனுப்பாமல் இருக்கின்றனர். அவர்கள் இக்கட்டுரையைப் படிப்பார்கள் என்று நம்புகிறோம். குழுத் தலைவரின் எண் மாறவில்லை. இந்த வாரத்துக்குள் அனுப்பிவிட்டால் அடுத்த ஆண்டுப் பட்டியலில் பெயர் இருக்கும். அடுத்த ஆண்டு வருகிறவர்கள் ஆளுக்கு இரண்டு டியூபும் ஒரு பம்பும் சொந்தமாகக் கொண்டுவரவும்.